ரவுட்டர் மாறியதும் ஷேர் நின்றுவிட்டது: எங்கே பார்ப்பது?

கேள்வி இதுதான். குமுளியில் வீடு. கீழே அப்பா ஏலக்காய்க் கணக்கு எழுதும் விண்டோஸ் 10 கணினி, மாடியில் மகனின் விண்டோஸ் 11 லேப்டாப். கீழே ‘கணக்கு’ என்ற போல்டரை ஷேர் செய்து ஒரு வருடமாக மாடியிலிருந்து திறந்து வந்தார்கள். போன மாதம் ஃபைபர் இணைப்புக்குப் புது ரவுட்டர் வைத்த நாளிலிருந்து 80070035 என்று முடியும் பிழை வருகிறது. எப்போதாவது பாஸ்வேர்டு கேட்கிறது. எதைக் கொடுத்தாலும் தப்பு என்கிறது. கடையில் விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி போடலாம் என்கிறார்கள்.

போடாதீர்கள் தம்பி. இருபது நிமிட வேலைக்கு அப்பாவின் கணக்கையெல்லாம் எடுத்து வைத்து, அழித்து, மென்பொருளை மறுபடி ஏற்றி, பிரின்டரை மறுபடி பொருத்தி ஒரு நாளைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதோடு, புதிதாகப் போட்ட விண்டோஸிலும் இதே பிழை வர நிறைய வாய்ப்பு இருக்கிறது. மாறியது விண்டோஸ் இல்லை, ரவுட்டர்.

கம்பத்திலிருந்து ஒரு ஜீப் குமுளிக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ரோடு இருக்க வேண்டும்; லோயர் கேம்ப்புக்கு மேலே மண் சரிந்து கிடந்தால் மற்ற எதைப் பேசியும் பயனில்லை. ரோடு இருந்தாலும் செக்போஸ்ட்டில் கம்பு தூக்கியிருக்க வேண்டும். அப்புறம் ஆள் யார் என்று கேட்பார்கள். கடைசியாகத்தான் வண்டியில் இருக்கிற சரக்குக்கு அனுமதி உண்டா என்ற கேள்வி. ஃபைல் ஷேரிங்கும் இந்த நாலு இடத்தில்தான் நிற்கும். எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியாமல் எல்லா அமைப்பையும் மாற்றிப் பார்ப்பதால்தான் இது பெரிய தலைவலியாகிறது.

அதற்கு முன்னால் ஒன்று. ‘நெட்வொர்க்’ என்ற ஐகானைத் திறந்து, அதில் கீழ்க் கணினியின் பெயர் தெரிகிறதா என்று பார்ப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். அந்தப் பட்டியல் தனி வேலை. ஒவ்வொரு கணினியும் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று கூவுவதைக் கேட்டு அது பெயர்களை எழுதுகிறது. கூவுவதற்கென்று ‘ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்’ என்று ஒரு சர்வீஸ் பின்னால் ஓட வேண்டும். அது ஓடாவிட்டால் பெயர் தெரியாது, ஆனால் ஷேர் நன்றாகவே திறக்கும். எதிர்ப்பக்கமும் நடக்கும்: பெயர் தெரியும், உள்ளே போக முடியாது. பட்டியலில் பெயர் இல்லையே என்று இரண்டு நாள் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். நானும் ஒரு காலத்தில் அலைந்தவன்தான்.

நேராக முகவரியால் போங்கள். கீழ்க் கணினியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஐபிவி4 முகவரி வரும். 192.168.1.20 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாடியில் விண்டோஸ் பட்டனையும் ஆர் பட்டனையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் \\192.168.1.20 என்று கொடுங்கள். இரண்டும் பின்சாய்வுக் கோடு.

இதிலேயே பாதிப் பேருக்குத் தீர்ந்துவிடும். ஏனென்றால் பழைய ரவுட்டர் ஒரு வரிசையில் முகவரி கொடுத்திருக்கும், புது ரவுட்டர் வேறு வரிசையில் கொடுக்கும். பழையது 192.168.1 என்று தொடங்கியிருக்கும், புதியது 192.168.29 என்றோ 192.168.0 என்றோ தொடங்கும். ஒரு வருடத்துக்கு முன்னால் டெஸ்க்டாப்பில் போட்ட ஷார்ட்கட்டும், ‘இசட் டிரைவ்’ என்று இணைத்து வைத்ததும் இன்னும் பழைய முகவரியின் கதவைத்தான் தட்டிக்கொண்டிருக்கும். கீழ்க் கணினியில் யாராவது முகவரியைக் கையால் எழுதி நிலையாக வைத்திருந்தால் இன்னும் மோசம்: அந்தக் கணினியில் இன்டர்நெட்டும் போயிருக்கும். அதைத் தானாக வாங்கிக்கொள்ளும்படி மாற்றுங்கள். நிலையான முகவரி வேண்டுமென்றால் ரவுட்டரில் டிஹெச்சிபி என்று முகவரிகளைப் பங்கிடும் பக்கத்தில் அந்தக் கணினிக்கென்று ஒன்றை ஒதுக்கி வைப்பதே நல்ல வழி. முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து எதுவுமே கிடைக்கவில்லை என்று பொருள், கேபிளைப் பாருங்கள்.

அப்படியும் திறக்கவில்லையா? இப்போது ரோடு. மாடியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ‘பிங்’ என்று ஆங்கிலத்தில் தட்டி, இடம் விட்டுக் கீழ்க் கணினியின் முகவரியைக் கொடுங்கள்; ஆள் இருக்கிறாரா என்று கூப்பிட்டுப் பார்ப்பதுதான் அது. பதில் வந்தால் ரோடு சரி. பதில் வராவிட்டால் எல்லோரும் உடனே ‘லைன் இல்லை’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். அவசரப்படாதீர்கள், வராததிலும் இரண்டு வகை உண்டு. ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்று உங்கள் லேப்டாப்பின் முகவரியிலிருந்தே பதில் வந்தால், அந்த முகவரியில் யாருமே இல்லை: கணினி தூங்குகிறது, கேபிள் போயிற்று, அல்லது வைஃபை நடுவில் தடுக்கிறது. ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்று வந்தால், ஒரே ரவுட்டரின் கீழே இருக்கும்வரை அதன் பொருள் பெரும்பாலும் வேறு: ஆள் வீட்டில் இருக்கிறார், கதவைத் திறக்கவில்லை. அதாவது ரோடு இருக்கிறது, வெளியிலிருந்து வருவதை வடிகட்டும் ஃபயர்வால் தடுக்கிறது. இந்த இரண்டு வரிக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தால் அரை மணி நேர அலைச்சல் மிச்சம்.

ரோடே இல்லை என்றால் உங்கள் வீட்டில் நான் முதலில் சந்தேகப்படுவது வைஃபை பெயரை. புது ரவுட்டர் வைத்தவர் போகிற போக்கில் விருந்தாளிகளுக்கென்று ஒரு ‘கெஸ்ட்’ வைஃபையையும் போட்டுவிட்டுப் போவது உண்டு. அதில் சேர்ந்தால் இன்டர்நெட் ஜோராக வரும், வீட்டில் இருக்கிற மற்றக் கணினி எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதற்காகவே செய்யப்பட்டது அது. சாதாரண வைஃபையிலும் ‘ஏபி ஐசொலேஷன்’ என்ற ஒரு டிக் இருக்கும். அதுவும் அதே வேலையைச் செய்யும். எடுத்துவிடுங்கள்.

அடுத்த சந்தேகம், பழைய ரவுட்டரை மாடியில் மாட்டியிருக்கிறீர்களா என்பது. சிக்னல் வரவில்லை என்று பழையதைத் தூக்கி எறியாமல் மாடிக்குக் கொண்டுபோவது நம் எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான். கீழே இருந்து வரும் கேபிளை அதன் ‘வான்’ என்ற இன்டர்நெட் துளையில் செருகினால் வீடு இரண்டு நெட்வொர்க்காகப் பிரிந்துவிடும். அப்போது ஒரு வேடிக்கை நடக்கும்: மாடியிலிருந்து கீழே முகவரி கொடுத்துப் போக முடியும், கீழே இருந்து மாடிக்கு வர முடியாது, பெயர் சொல்லி எந்தப் பக்கமும் போக முடியாது. ‘ஒரு பக்கம் மட்டும் வேலை செய்கிறது’ என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி ‘எத்தனை ரவுட்டர்?’ என்பதுதான். தீர்வு எளிது. மாடி ரவுட்டரை, சிக்னலை மட்டும் பரப்பும் ‘ஆக்சஸ் பாயின்ட்’ என்ற நிலைக்கு மாற்றுங்கள். அப்படி ஒரு வசதி இல்லாத பழைய பெட்டி என்றால், அதன் சொந்த முகவரியைக் கீழ் ரவுட்டரின் வரிசையிலேயே யாரும் எடுக்காத எண்ணுக்கு மாற்றி, அதன் டிஹெச்சிபியை அணைத்து, கேபிளை ‘வான்’ துளையிலிருந்து எடுத்து, வீட்டுக் கணினிகளுக்கான ‘லான்’ துளையில் போடுங்கள். வீடு மறுபடி ஒரே நெட்வொர்க்காகிவிடும்.

கணினி தூங்குவதையும் மறக்க வேண்டாம். காலையில் கிடைக்கிறது, அப்பா மதியம் ஸ்டோருக்குப் போன பிறகு கிடைக்கவில்லை என்றால் அதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். கீழ்க் கணினியில் ‘ஸ்லீப்’ நேரத்தை ‘நெவர்’ என்று வையுங்கள். திரை மட்டும் அணையட்டும்.

சரி, ரோடு இருக்கிறது. இப்போது செக்போஸ்ட்டுக் கம்பு. உங்கள் கதைக்கு விடை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். விண்டோஸ் ஒவ்வொரு நெட்வொர்க்கையும் ‘பப்ளிக்’, ‘பிரைவேட்’ என்று இரண்டு சாதியாகப் பிரித்து நினைவில் வைத்திருக்கும். பழைய ரவுட்டரை ‘பிரைவேட்’ என்று என்றைக்கோ யாரோ சொல்லி வைத்திருக்கிறீர்கள். ரவுட்டர் மாறியதும் விண்டோஸுக்கு இது புது ஊர். பஸ் ஸ்டாண்ட் வைஃபை போல நினைத்துப் ‘பப்ளிக்’ என்று எழுதிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டது. இது கோளாறு இல்லை, ஜாக்கிரதை. கீழ்க் கணினியில் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதில் நீங்கள் இணைந்திருக்கும் நெட்வொர்க்கின் பிராப்பர்ட்டீஸ் போய் ‘பிரைவேட்’ என்று மாற்றுங்கள். பிறகு அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸில் பிரைவேட் பகுதியின் கீழ் ‘ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்’, ‘நெட்வொர்க் டிஸ்கவரி’ இரண்டையும் ஆன் செய்யுங்கள். ஷேர் இருக்கிற கணினியில் மாற்ற வேண்டும். மாடியில் மாற்றிவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்கிறவர்கள் அதிகம்.

இதற்குப் பிறகும் கம்பு தூக்கவில்லை என்றால் கீழே காசு கொடுத்தோ இலவசமாகவோ போட்ட வேறு ஆன்டிவைரஸ் இருக்கிறதா பாருங்கள். சிலவற்றுக்குச் சொந்தமாக ஒரு ஃபயர்வால் இருக்கும், அதற்கும் இது புது ஊர்தான். அதில் இந்த நெட்வொர்க்கை நம்பிக்கையானது என்று குறிக்க வேண்டும். உறுதிப்படுத்த ஒரு சோதனை உண்டு: மாடி லேப்டாப்பில் பவர்ஷெல்லைத் திறந்து ‘டெஸ்ட்-நெட்கனெக்ஷன்’ கட்டளைக்குக் கீழ்க் கணினியின் முகவரியையும் போர்ட் 445 என்பதையும் கொடுங்கள். விண்டோஸ் ஃபைல் ஷேரிங் பேசும் மொழிக்கு எஸ்எம்பி என்று பெயர். அது 445ஆம் எண் வழியாகத்தான் பேசும். கடைசி வரியில் ‘ட்ரூ’ என்று வந்தால் ரோடும் கம்பும் இரண்டுமே சரி, இனிமேல் ஃபயர்வாலைத் தொடாதீர்கள். ‘ஃபால்ஸ்’ என்றால் பாஸ்வேர்டு பற்றிக் கவலைப்படும் நேரம் இன்னும் வரவில்லை.

உங்கள் பிழை எண்ணும் இதைத்தான் சொல்கிறது. கடைசியில் வரும் 35 பதினாறின் அடிப்படையில் எழுதிய எண்; நம் கணக்கில் 53. அந்த எண்ணுக்கு ‘நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை’ என்று பொருள். 67 வந்தால் கணினி கிடைத்தது, ஷேரின் பெயர் தப்பு. 1326 என்றாலோ 86 என்றாலோ பெயரோ பாஸ்வேர்டோ தப்பு. 5 என்றால் ஆள் சரி, அனுமதி இல்லை. ஆக 53ஐ வைத்துக்கொண்டு பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டிருப்பது, மண் சரிந்த ரோட்டில் நின்றுகொண்டு ஆர்சி புத்தகத்தைத் தேடுவது மாதிரி.

ஆனால் உங்களுக்கு எப்போதாவது பாஸ்வேர்டும் கேட்கிறதே, அதனால் மூன்றாவது இடத்தையும் பார்த்துவிடுவோம். எனக்குத் தெரிந்து அதிகம் பேர் குழம்புவது இங்கேதான். கேட்கப்படுவது உங்கள் லேப்டாப்பின் பாஸ்வேர்டு இல்லை, வைஃபை பாஸ்வேர்டும் இல்லை. கீழ்க் கணினியில் இருக்கிற ஒரு யூசர் கணக்கின் பெயரும் பாஸ்வேர்டும். அப்பா தினமும் நாலு எண் பின் போட்டுத்தானே உள்ளே போகிறார்? அந்தப் பின் அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் செல்லும். நெட்வொர்க் வழியாக வருகிறவருக்குச் செல்லாது. பாஸ்வேர்டே வைக்காத கணக்கும் அப்படித்தான்: நேரில் உட்கார்ந்தால் திறக்கும், தூரத்திலிருந்து விண்டோஸ் விடாது. அப்பா மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்தால் பெயருக்கு ஈமெயில், பாஸ்வேர்டுக்கு அந்த ஈமெயில் கணக்கின் பாஸ்வேர்டு. அதை அப்பாவிடம் கேட்டால் ‘உன் மாமன்தான் போட்டுக் கொடுத்தான்’ என்பார். மாமாவிடம் கேட்டால் அவருக்கும் நினைவிருக்காது.

அதனால் நான் எல்லா வீட்டிலும் செய்வது ஒன்றே ஒன்றுதான். கீழ்க் கணினியில் ஷேருக்கென்றே தனியாக ஒரு லோக்கல் கணக்கு. செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், ஃபேமிலி அண்ட் அதர் யூசர்ஸ் போய் ஒரு ஆளைச் சேருங்கள். ஈமெயில் கேட்கும்போது தகவல் இல்லை என்பதைத் தட்டி, மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்க்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் ஒரு சின்னப் பெயர், நல்ல பாஸ்வேர்டு ஒன்று. அட்மின் உரிமை வேண்டாம். மாடியில் கேட்கும்போது கீழ்க் கணினியின் பெயர், ஒரு பின்சாய்வுக் கோடு, பிறகு இந்தக் கணக்கின் பெயர் என்று சேர்த்துக் கொடுங்கள். கணினிப் பெயரைச் சேர்க்காவிட்டால் உங்கள் லேப்டாப் அதைத் தன் வீட்டு ஆள் என்று நினைத்துக்கொள்ளலாம்.

அதற்கு முன் மாடி லேப்டாப்பில் கன்ட்ரோல் பேனலுக்குள் ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ திறந்து, விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் பகுதியில் கீழ்க் கணினியின் பெயரிலோ பழைய முகவரியிலோ சேமித்து வைத்தது இருந்தால் அழித்துவிடுங்கள். லேப்டாப் உங்களைக் கேட்காமலே பழைய பாஸ்வேர்டைக் கொடுத்துத் தோற்றுக்கொண்டிருக்கும். 1219 என்று பிழை வந்தால், அதே கணினிக்கு வேறொரு பெயரில் ஏற்கெனவே ஒரு இணைப்பு திறந்திருக்கிறது என்று பொருள். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் புதிய பெயரில் மட்டும் போங்கள்.

இங்கே கடைக்காரர்கள் சொல்லும் இரண்டு குறுக்குவழிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதலாவது, ‘பாஸ்வேர்டு புரொடெக்டட் ஷேரிங்’கை அணைத்துவிடுவது. முன்பு அது ஓடியது. 2024 அக்டோபரில் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து விண்டோஸ் 11 ப்ரோ, பெயர் தெரியாத விருந்தாளியாகப் போவதையே இயல்பாக மறுத்துவிடுகிறது. உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது என்று ஒரு செய்தி வரும். வீட்டு லேப்டாப்பில் என்ன நிறுவனம், என்ன கொள்கை என்று நீங்கள் விழிப்பீர்கள்.

இரண்டாவது, எஸ்எம்பி 1.0 என்பதை டிக் செய்து பழைய நெறிமுறையை எழுப்புவது. இதை நான் யார் வீட்டிலும் செய்ய மாட்டேன். 2017 மே மாதம் வானாகிரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது அந்த எஸ்எம்பி 1 ஓட்டை வழியாகத்தான். மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே மார்ச்சில் ஒட்டுப் போட்டுக் கொடுத்திருந்தது; ஏற்றாதவர்கள் மாட்டினார்கள். கேரளத்தில் வயநாடு, பத்தனம்திட்டா மாவட்டங்களில் பஞ்சாயத்து அலுவலகக் கணினிகளும் அதில் சிக்கின. அந்த வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்தே அதைப் புதிதாகப் போடும்போது சேர்ப்பதில்லை. விண்டோஸ் 10க்கும் 11க்கும் நடுவில் பேச அது தேவையே இல்லை. கடையில் ஏற்கெனவே டிக் செய்திருந்தால் எடுத்துவிடுங்கள். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால் கீழ்க் கணினியில் இன்னும் கவனம் வேண்டும்.

கடைசி இடம், அனுமதி. போல்டருக்கு இரண்டு பூட்டு. ‘ஷேரிங்’ பக்கத்தில் ஒன்று, ‘செக்யூரிட்டி’ பக்கத்தில் ஒன்று. நெட்வொர்க்கிலிருந்து வருகிறவருக்கு இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். ஷேரிங்கில் ‘எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல்’ என்று கொடுத்துவிட்டு, செக்யூரிட்டியில் அந்தப் புதுக் கணக்கின் பெயரே இல்லை என்றால் ‘ஆக்சஸ் டினைடு’ தான். போல்டரை வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் ‘ஷேர்’ என்ற பட்டன் வழியாக அந்தக் கணக்கைச் சேர்த்து ‘ரீட், ரைட்’ கொடுத்தால் இரண்டு பூட்டையும் அதுவே திறந்துவிடும். பகிரும் போல்டரை டெஸ்க்டாப்பிலோ டாக்குமென்ட்ஸிலோ வைக்காமல் டி டிரைவில் தனியாக ஒன்று வையுங்கள்; அப்பாவின் சொந்தப் போல்டர்களோடு அது கலக்காது.

கணக்கு மென்பொருளின் தரவை மாடியிலிருந்து வைஃபையில் நேரடியாகத் திறந்து பதிவு போடாதீர்கள். நடுவில் சிக்னல் ஒரு நொடி விட்டால் பாதி எழுதிய தரவு கெட்டுப்போகலாம். பார்க்க, காப்பி எடுக்க வைஃபை போதும். பதிவு போட வேண்டுமென்றால் கேபிள் இழுங்கள்.

கேபிள் என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் மலைப் பக்கத்தில் துலாம் மாதத்தில், ஐப்பசி மழையோடு மதியத்துக்கு மேல் இடி இறங்குவது உங்களுக்குத் தெரிந்ததுதான். எனக்கு ஒரு முறை வீட்டிலிருந்து ஷெட்டுக்கு முற்றத்தின் மேலே இழுத்த கேபிளால் வந்த வினை: இடித்த மறுநாள் ரவுட்டரில் விளக்கு எரிகிறது, இன்டர்நெட்டும் வருகிறது, அந்த ஒரு துளையில் மட்டும் எதுவும் போகவில்லை. ஒரு நாள் முழுக்க ஃபயர்வாலைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு கேபிளைப் பக்கத்துத் துளைக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது. கட்டடம் விட்டுக் கட்டடம் போகிற இடத்தில் இப்போது செம்புக் கேபிள் போடுவதில்லை. ஃபைபரும், அதைச் சாதாரண கேபிளோடு இணைக்க இரண்டு பக்கமும் ஒவ்வொரு மீடியா கன்வர்ட்டரும் வைக்கிறேன். கண்ணாடி இழையில் மின்னல் ஏறாது. வீட்டுக்குள்ளேயே போகும் கேபிளில் காப்பி செய்யும் வேகம் நொடிக்கு 11 எம்பியைத் தாண்டவில்லை என்றால், கேபிளில் உள்ள நாலு ஜோடியில் ஒன்று விட்டுப்போய் இணைப்பு நொடிக்கு 100 மெகாபிட்டுக்கு, அதாவது சுமார் 12 எம்பிக்கு, இறங்கியிருக்கலாம். நன்றாக இருந்தால் 100 எம்பிக்கு மேல் போகும். கேபிள் முனையை வெட்டிவிட்டுப் புது பிளக்கைக் கிரிம்ப் செய்து பாருங்கள்.

தங்கையின் பள்ளியில் கைட் லினக்ஸ் (கேரளப் பள்ளிகளில் விண்டோஸுக்குப் பதிலாகப் போடுவது) போட்ட லேப்டாப்பிலும் இந்த போல்டர் திறக்குமா என்று கேட்டிருந்தீர்கள். திறக்கும். அதில் ஃபைல் மேனேஜரில் ‘அதர் லொகேஷன்ஸ்’ போய், எஸ்எம்பி என்பதை ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டி, முக்காற்புள்ளி, இரண்டு முன்சாய்வுக் கோடு, பிறகு அதே முகவரி. கணக்கும் பாஸ்வேர்டும் நீங்கள் மாடியில் கொடுத்ததேதான். அவளுக்கு ‘ரீட்’ மட்டும் போதுமென்றால் இன்னொரு கணக்கு உருவாக்கிக் கொடுங்கள்.

முதலில் கீழே ‘பிரைவேட்’ மாற்றிவிட்டு, 445 சோதனையைச் செய்து பாருங்கள். ‘ஃபால்ஸ்’ என்றே வந்தால், பிங் கொடுத்தபோது வந்த வரியை அப்படியே எழுதி அனுப்புங்கள். மாடியில் இன்னொரு ரவுட்டர் இருக்கிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.